சூலக்கரைக்கு அடியில்

விருதுநகரிலிருந்து தெற்கே சாத்தூரை நோக்கிச் செல்லும் பிரயாணி, சூலக்கரை என்னும் ஊரைக் கவனிப்பதற்கு யாதொரு காரணமும் இல்லை. பிரயாணக் கட்டுரை எழுதுவோர் தேடித் திரியும் மலையோ அருவியோ அங்கே கிடையாது. கரிசல் காடும், இடையிடையே சீமைக் கருவேலம் புதர்களுந்தான் காட்சி. கோடையிலோ நிலம் வாய் பிளந்து கிடக்கும். "இங்கே பார்ப்பதற்கு என்ன ஐயா இருக்கிறது?" என்று கேட்கும் நண்பர்களை நாம் நேரே ஒரு கிணற்றடிக்கு அழைத்துப் போவது வழக்கம். மேலே ஒன்றுமில்லை என்பது மெய்தான். கீழேயல்லவா இருக்கிறது விசேஷம்!

இப்பகுதியில் வெட்டிய பழைய இறவைக் கிணறு ஒன்றின் சுவரை உற்றுப் பாருங்கள். மேலே கறுப்பு மண். அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாய் முடிச்சுக்கள். சுக்கான்கல் என்று குடியானவர்கள் சொல்வது இதைத்தான். மழைநீர் மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. வெயில் காலத்தில் நீர் வற்றிவிட, சுண்ணாம்பு மட்டும் அங்கேயே தங்கிக் கெட்டிப்படுகிறது. அதற்கும் கீழே, கையால் உதிர்க்கக்கூடிய நைந்த பாறை, காக்காப்பொன் மினுமினுக்கும். அடியிலே, உளிக்கும் அசையாத கெட்டிப் பாறை.

கரிசலைப் பற்றி ஒரு வார்த்தை. கறுப்பு மண் எரிமலைக் குழம்பு உறைந்த பாறையிலிருந்து உண்டானது என்று நம் பிள்ளைகள் நெட்டுருப் போடுகிறார்கள். மராட்டிய நாட்டுக்கு அது பொருந்தும். ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பெருகிய குழம்பு, தக்கணத்தின் பெரும்பகுதியை மூடிற்று. ஆனால் அந்தக் குழம்பு விருதுநகர்ச் சீமைக்கு வரவேயில்லை. நம்முடைய கரிசல், அடியிலுள்ள பழம்பாறையே நைந்து, மழை குறைந்த சமநிலத்தில் சுண்ணாம்போடு கூடி விளைந்த களிமண். ஈரம் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வெடிப்பில் மேல்மண் சரிந்து விழுவதால் நிலம் தன்னைத் தானே புரட்டிக்கொள்கிறது. பருத்திக்கு இது நல்ல குணம்; வீடு கட்டுகிறவருக்கோ பெரிய தலைவேதனை. ஆழமாக அஸ்திவாரம் போடாதவர் வீட்டுச் சுவரில் விரிசல் விழுவதற்குக் கொத்தனாரைத் திட்டிப் பயனில்லை.

இனிக் கெட்டிப் பாறைக்கு வருவோம். கோவில்பட்டிக் கடலை மிட்டாயில் எள்ளையும் பொரிகடலையையும் சேர்த்துப் பிடித்தால் எப்படியிருக்கும்? அந்த மிட்டாயைப் போன்றது பாறை. எள்ளும் கடலையும் போன்றவை தாதுக்கள். வெள்ளையாய்ப் பளபளக்கும் வெங்கச்சங்கல் ஒரு தாது, வெளிறிய பெல்ஸ்பார் ஒன்று, காக்காப்பொன் ஒன்று. சில இடங்களில் செம்மணி போன்ற கார்னெட்டும் கண்ணில் படும்.

உருகி உறைந்தவை, படிந்து இறுகியவை, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை எனப் பாறைகளை மூவகையாகப் பிரிப்பர். நம்முடையவை பெரும்பாலும் மூன்றாம் வகை. மதுரைக்குத் தெற்கும் வடக்குமாகப் பரந்து கிடக்கும் இப்பாறைகளில் பல, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், 800 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் வெந்தவை என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் கண்டிருக்கிறார்கள். மேலே இருந்ததையெல்லாம் காற்றும் மழையும் யுக யுகமாக அரித்துக் கொண்டுபோக, அடியில் இருந்தது மெல்ல மெல்ல மேலே வந்தது.

இதன் அருமை தெரிய வேண்டுமானால், பூமியின் அளவை நினைத்துப் பார்க்க வேண்டும். மேற்பரப்பிலிருந்து நடு மையம் வரை சுமார் 6,370 கிலோமீட்டர். கண்டங்களின் அடியில் மேலோடு ஏறத்தாழ முப்பது, நாற்பது கிலோமீட்டர் கனந்தான். அதன் கீழ் 2,900 கிலோமீட்டர் வரை கனமான பாறை மண்டலம். அப்பால் உருகிய இரும்புக் கோளம். அதன் நடுவே கெட்டியான உட்கரு. பூகம்ப அலைகளை ஆராய்ந்து, இந்த உட்கரு உண்டென்று 1936-ல் சொன்னவர் டென்மார்க் தேசத்துப் பெண்மணியான இங்கே லேமன். ருஷ்யர்கள் கோலா என்ற இடத்தில் 1970-ல் துளையிடத் தொடங்கி, 1989-ல் 12,262 மீட்டர் வரை போனார்கள். 180 டிகிரி உஷ்ணத்துக்கு மேல் முடியவில்லை. அவர்கள் எட்டாத ஆழத்தின் சரக்கை, சூலக்கரைக் குடியானவர் கிணற்றுப் படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மிதித்துக்கொண்டு இறங்குகிறார்!

கிழக்கே அருப்புக்கோட்டையைத் தாண்டிப் பந்தல்குடியில் அகப்படும் சுண்ணாம்புக்கல்லும் இப்படி வெந்து பளிங்கானதே. சிப்பியும் சங்கும் உலகில் தோன்றுவதற்கு முன்பே ஏதோ ஒரு கடலடியில் படிந்தது அது. இன்று சூலக்கரைக்குத் தெற்கே ஆர்.ஆர். நகரில் சிமெண்டாகிறது. வீடு கட்டும்போது அந்தக் கடலின் நினைவு யாருக்கும் வருவதில்லை.

சிவகாசிப் பட்டாசுக்கும் தாதுக்களே முதல். சிவப்பு ஒளிக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்குப் பேரியம், வெள்ளைக்கு அலுமினியம். இவற்றில் எதையும் இந்தக் கரிசல் தரவில்லை. அது தந்ததெல்லாம் வறண்ட காற்றும், விளைச்சல் பொய்த்தபோது வேறு வேலை தேடிய கைகளுந்தான். 2018-ல் உச்சநீதிமன்றம் பட்டாசில் பேரிய உப்புக்களைத் தடை செய்தபோது, இப்பக்கத்து வீடுகளில் அந்தத் தாதுவின் பெயர் அரிசி, பருப்பைப் போல அடிபட்டது.

நிற்க, இந்தப் பாறை ஞானம் சோறு போடுமா என்று கேட்கலாம். தண்ணீர் விஷயத்தில் போடும். அண்மையில் ஒரு குடியானவர் மூன்றாவது ஆழ்துளைக் கிணறு போட்டு, மனைவியின் நகை அடகுக்குப் போய், மனம் நொந்திருந்தார்.

"வாத்தியாரய்யா, ஆயிரம் அடி போயும் வெறும் புழுதிதான் வருது. பூமிக்குள்ளே தண்ணியே இல்லையா?"

"அண்ணாச்சி, தண்ணீர் பாறைக்குள் பிறப்பதில்லை, மேலிருந்து இறங்குவதுதான். நைந்த பாறையிலும் வெடிப்பிலுந்தான் தங்கும். ஆழம் போகப் போக மேற்பாரம் அழுத்தி, வெடிப்புக்கள் பெரும்பாலும் இறுகிப் போகும்" என்றோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. "அப்போ மழைத்தண்ணி ஏன் இறங்கலை?" என்றார்.

கரிசல் நனைந்ததும் உப்பித் தன் வெடிப்புக்களை அடைத்துக்கொள்கிறது; பிறகு பெய்யும் மழை பெரும்பாலும் மேலோடு ஓடிப்போகிறது. கரிசலையும் சுக்கானையும் தாண்டி நைந்த பாறையைத் தொடும் வழி, அவர் தோட்டத்திலேயே இருந்தது. பாட்டனார் வெட்டி, வற்றிப்போய், குப்பை கொட்டிக் கிடந்த பழைய கிணறுதான் அது. மழைநீரை மணலிலும் சரளையிலும் வடிகட்டி அதற்குள் விடலாம் என்று சொன்னோம்.

"அதைத் தூர்க்கத்தான் நாளைக்கு ஆள் சொல்லியிருந்தேன்" என்றார். பிறகு, தூர்ப்பதற்குச் சொன்ன ஆட்களையே தூர் வாருவதற்கு வரச் சொல்லிவிட்டார்.