கோழி தின்னும் கோதுமை

"சித்தி, அப்பா கோழிக்குச் சப்பாத்தி பிச்சுப் போடுறாரு. அந்த முட்டைய நான் சாப்பிடலாமா?"

அக்கா மகள் போனில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. சீலியாக் நோய் என்று உறுதியாகி அவளுக்கு அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் வயிற்றுக்குள் போனால், நோயை எதிர்க்க வேண்டிய உடம்பு தன் சிறுகுடலையே தாக்குகிற கோளாறு அது. சத்தை இழுக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிவிடும். சாப்பிட்டும் உடம்பில் ஒட்டாது. மருந்து மாத்திரையால் தீராது; ஆயுள் முழுக்கக் குளூட்டனைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். இப்படி ஒரு கட்டளை வந்த பிறகு, தட்டில் இருக்கிற அவித்த முட்டை மேலும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

அவள் அப்பா, அதாவது மாமா, வளர்க்கும் கோழிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோலார் தங்கச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டு வேலை போனபோது, சாம்பியன் ரீஃபில் சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டுக்குப் பின்னால் அவர் வளர்க்கத் தொடங்கிய நாட்டுக்கோழிகளின் வம்சம் அது. கோலார் தங்க வயலின் (கே.ஜி.எஃப்.) லைன் வீடுகளில் கோழி புதிதல்ல. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்த நம் ஜனங்கள் கோழியைப் பஞ்சாரத்தோடு கொண்டுவந்தார்கள். அரிசி நொய், தவிடு, புடைத்ததில் விழும் கேழ்வரகு, குப்பையில் கிளறி எடுத்த புழு, கரையான். இதுதான் தீனி. கோதுமை பின்னால் வந்தது. மாமாவுக்குச் சர்க்கரை வந்து, ராத்திரிக்குச் சப்பாத்தி என்று ஆனதிலிருந்து மிச்சம் கோழிக்குப் போனது. பக்கத்து வீட்டில் மாட்டுக்கு வாங்கும் பூசாவிலிருந்தும் ஒரு கை வரும். பூசா என்பது கோதுமைத் தவிடு.

அவளுக்கு நான் சொன்ன பதில் இது: முட்டை சாப்பிடலாம், பயம் வேண்டாம். கோழி விழுங்கிய தானியம் தீனிப்பையில் ஊறி, அரைவைப்பையில் பொடிக் கற்களோடு அரைபட்டு, செரிமான நொதிகளால் துண்டு துண்டாகி, கடைசியில் அமினோ அமிலங்களாகப் பிரிந்துதான் இரத்தத்தில் கலக்கிறது. பழைய லைன் வீட்டை இடித்து, செங்கல்லைப் பொறுக்கி வேறு இடத்தில் வீடு கட்டினால், அந்தச் செங்கல் எந்தச் சுவரில் இருந்தது என்று புது வீட்டுக்குத் தெரியாது. மஞ்சள் கருவுக்கான புரதத்தைக் கோழியின் கல்லீரல் புதிதாகக் கட்டி இரத்தத்தில் அனுப்புகிறது. வெள்ளைக்கருவை முட்டைக் குழாயின் சுவர் சுரக்கிறது. இரண்டும் கோழியின் சொந்தத் தயாரிப்பு. கோதுமையையே முக்கியத் தீனியாகப் போடும் நாடுகளில்கூட சீலியாக் நோயாளிகளுக்கு முட்டை விலக்கில்லை.

ஆனால் தீனியிலிருந்து முட்டைக்குள் எதுவுமே போகாது என்று எண்ணிவிடக் கூடாது. மஞ்சள் மக்காச்சோளமும் கீரையும் தின்றால் கரு நன்றாக மஞ்சளாகும். ஆளி விதை போட்டால் ஒமேகா-3 கொழுப்பு ஏறும். கொழுப்பில் கரையும் சத்துகள் போகும், சில உலோகங்களும் போகும். உலோகத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், நம் ஊரில் அதுதான் பெரிய விஷயம்.

அக்கா மகளின் நோயைக் கண்டுபிடிக்க வருஷக்கணக்கானது. மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு விடியற்காலை ரயில் பிடித்து வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கானவர்களில் அவளும் ஒருத்தி. ரயிலில் பன், மதியம் கேன்டீனில் பரோட்டா, சாயங்காலம் கோபி மஞ்சூரியன். மைதாவில் தோய்த்து, கோதுமை சேர்ந்த சோயா சாஸில் புரட்டியது. இரத்தச் சோகை என்றார்கள். இரும்பு மாத்திரை தின்று தீர்த்தும் ஏறவில்லை. தெற்கத்திப் பெண்ணுக்கு இந்த நோய் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் ஒரு மருத்துவர் இரத்தத்தில் சீலியாக் நோய்க்கான எதிர்ப்பொருளைத் தேடச் சொன்னார், குடலில் சிறு துண்டு எடுத்துப் பார்த்தார், தெரிந்துவிட்டது.

தெற்கில் யாருக்கும் தோன்றாததற்குக் காரணம் உண்டு. 2016-ல் வெளியான பெரிய இந்திய ஆய்வு ஒன்று வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று 23,331 பேரைச் சோதித்தது. நோய்க்கான எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 சதவீதம் பேரிடம் இருந்தது, தெற்கில் 0.10 சதவீதம் பேரிடம். ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வடக்கில் 38.1 சதவீதம், தெற்கில் 36.4 சதவீதம், ஏறக்குறைய சமம். வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கத்தியர் சராசரியாக ஒரு நாளைக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட்டார்கள், தெற்கத்தியர் 25 கிராம். கேழ்வரகுக் களியும் சோறும் தின்று வளர்ந்த எங்கள் பாட்டன் பாட்டிகளின் உடம்பிலும் இந்த மரபணு இருந்திருக்கும். விழித்துக்கொள்ள அதற்கு வேளை வரவில்லை, அவ்வளவுதான். இன்று ரயிலேறும் பிள்ளைகளின் தட்டு மாறிவிட்டது. ஆறாத இரத்தச் சோகையோடு வருகிற இளவயதுக்காரர்களிடம் நம் பக்கத்து மருத்துவர்களும் இந்த எதிர்ப்பொருள் சோதனையைக் கேட்டுவிட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

முட்டை சரி. அப்படியானால் கோழிக்குக் கோதுமை போடலாமா? கூடாது என்றுதான் அக்காவிடம் சொன்னேன். அக்காவுக்குக் குழப்பம். "முட்டையில வராதுன்னு நீதானே சொன்ன?"

முட்டையில் வராது, கையில் வரும். பூசாவைக் கோணியிலிருந்து அள்ளும்போது எழும் தூசி மூக்கிலும் உதட்டிலும் படும், தொண்டையில் இறங்கும். அயர்லாந்தில் இரண்டு விவசாயிகள் பத்தியத்தில் ஒரு குறையும் வைக்காமல் இருந்தும் நோய் தணியாமல் அவதிப்பட்டார்கள். மூடிய கொட்டகையில் மாட்டுக்குக் கோதுமை, பார்லித் தீனி வைக்கும்போது சுவாசித்த தூசிதான் காரணம் என்று தெரிந்து, முகமூடி போட்ட பிறகு தேறினார்கள். 2007-ல் மருத்துவ இதழில் வந்த செய்தி இது. ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உள்ளே போனாலே குடல் கெடுகிறது என்று இத்தாலிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. ரொட்டித் துணுக்கில் சிட்டிகை அளவு அது. தீனி போட்ட கையோடு கூட்டில் முட்டை எடுத்து, அதே கையால் அடுப்படியில் வைத்தால் போதும். கோழிக்குக் கோதுமையை நிறுத்துவது கோழிக்கு வைக்கும் பத்தியம் கிடையாது, கோழி வளர்ப்பவளுக்கான பாதுகாப்பு.

நிறுத்துவதில் செலவும் இல்லை, பழையபடி போட்டால் போதும். உடைத்த மக்காச்சோளம், நொய், அரிசித் தவிடு, கேழ்வரகு. புரதத்துக்குக் கடலைப் பிண்ணாக்கும் கருவாட்டுத் தூளும். பிண்ணாக்கில் பூசணம் இருந்தால் தூர எறிந்துவிட வேண்டும். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்று மாமா அதை மட்டும் போடப் பார்த்தார். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கும். ஒரு முட்டை ஓட்டுக்கே 2 கிராம் வேண்டும். அதனால் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால் கோழி தனக்கு வேண்டியதைக் கொத்திக்கொள்ளும். முருங்கைக் கீரையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால் கருவில் நிறம் ஏறும்.

கோழியை அடித்துச் சமைக்கும்போது தீனிப்பையைப் பார்க்க வேண்டும். செரிக்காத தானியம் தானியமாகவே கிடக்கும் இடம் அது. பையை உடைக்காமல் எடுத்துப்போட்டு, இறைச்சியை நன்றாக அலச வேண்டும். வெளியில் வாங்கும் கோழிக்கு இது கட்டாயம்.

இப்போது உலோகம். எங்கள் ஊரின் சயனைடு மேடுகளைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு, மலைமலையாக 13 மேடுகள், கோடிக்கணக்கான டன். ஆடிக் காற்றில் அந்த வெள்ளைத் தூள் வீட்டுக்குள் வந்து பாத்திரத்தில் படியும். கோழி மண்ணைக் கிளறித் தின்கிற பிராணி. மண்ணில் ஈயம் இருந்தால் அது முட்டைக்கு வரும். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் வீட்டுக்கோழி முட்டைகளைச் சோதித்தபோது, கடை முட்டையைவிடச் சராசரியாக 40 மடங்குக்கு மேல் ஈயம் இருந்தது, 2022-ல் வெளியிட்டார்கள். நம் மேட்டு மண்ணையும் லைன் வீட்டு முட்டையையும் இப்படிச் சோதித்து முடிவை வீடு வீடாகச் சொல்ல வேண்டும். சப்பாத்தித் துண்டுக்குப் பயந்த பிள்ளை உண்மையில் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான், அவள் மட்டுமல்ல, ஊரே. மாமா இப்போது மேட்டுப் பக்கம் வலை கட்டிவிட்டார், தீனியைத் தரையில் இறைக்காமல் தட்டில் வைக்கிறார்.

மறுபடி குளூட்டனுக்கு வருகிறேன். சமையலறையில் அது நுழைய எங்களுக்குத் தெரியாமல் இருந்த வழிகள் இரண்டு. ஒன்று பெருங்காயம்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். தினமும் ரசத்தில் அது போய்க்கொண்டிருந்தது. மற்றது ராபர்ட்சன்பேட்டை மாவு மில். முந்தின ஆள் கோதுமை அரைத்த கல்லில் நம் கேழ்வரகைக் கொட்டினால், கல்லிடுக்கில் ஒட்டிய மாவும் சேர்ந்தே வரும். அக்கா இப்போது வீட்டுக்கென்று சிறிய மாவு இயந்திரம் வாங்கியிருக்கிறாள்.

காலையில் கோழிக்குத் தீனி வைப்பது இப்போது அக்கா மகள்தான். எடை கூடியிருக்கிறது, இரத்தமும் ஏறுகிறது. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய கிரிராஜா இனத்தில் குஞ்சுகள் வாங்க வேண்டும் என்கிறாள். குஞ்சுத் தீவனம் மூட்டையாகத்தான் வரும். மக்காச்சோளம் விலை ஏறும்போது சில தீவனங்களில் கோதுமையைக் கலப்பதுண்டு. மூட்டையில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.