சேலத்துத் தட்டுவடை செட்: தின்பவர் சொல்லும், செய்பவர் கையும்

சேலத்தில் மாலை ஐந்து மணிக்கு மேல் எந்தப் பேட்டைக்குள் நுழைந்தாலும் ஒரு தள்ளுவண்டியைச் சுற்றி நாலைந்து பேர் தட்டேந்தி நிற்பதைப் பார்க்கலாம். வண்டியின் கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கையில் பாதியளவு தட்டுவடைகள் குவிந்திருக்கும். பக்கத்தில் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி. துருவிய பீட்ரூட், துருவிய கேரட், பொடியாக அரிந்த வெங்காயம் தனித்தனிக் கிண்ணங்களில். கீழே ஒரு தட்டுவடை, அதன்மேல் சட்னியும் காயும், மேலே மூடியாக இன்னொரு தட்டுவடை. பிட்டுத் தின்னக் கூடாது. முழுதாக வாயில் போட்டுக் கடிக்க வேண்டும். இதுதான் தட்டுவடை செட்.

இரண்டு துண்டு ரொட்டிக்கு நடுவே எதையாவது வைத்துச் சாப்பிடும் பழக்கத்தை ஒவ்வோர் ஊரும் தன் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டது. மும்பைத் தெருக்களில் வேகவைத்த உருளைக்கிழங்கும் வெள்ளரியும் பீட்ரூட்டும் பச்சைச் சட்னியோடு ரொட்டிக்குள் போகின்றன. சென்னை சௌகார்பேட்டையில் ரொட்டியின் இடத்தில் முறுக்கு வந்துவிட்டது. சேலத்துக்காரர்களின் கையில் அந்த இடம் தீபாவளிக்கும் கோகுலாஷ்டமிக்கும் வீட்டில் சுடுகிற தட்டுவடைக்குக் கிடைத்தது. இந்தப் பண்டத்தைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத சேலத்துக்காரரை நான் பார்த்ததில்லை. குகைப் பகுதிக் கடைதான் என்பார் ஒருவர், பொன்னம்மாபேட்டைக்கு நிகரில்லை என்பார் இன்னொருவர். அந்த அபிப்பிராயங்கள் செய்கிறவர் காதில் எப்படி விழுகின்றன, விழுந்த பிறகு கை எப்படி மாறுகிறது என்று தெரிந்துகொள்ளவே குகைப் பக்கம் ஒரு வண்டியோடும், அதற்குத் தட்டுவடை சுட்டுத் தருகிற அம்மாபேட்டை வீடு ஒன்றோடும் சேர்ந்திருந்தேன்.

வேலை தொடங்குவது அம்மாபேட்டையில். தறிச் சத்தம் கேட்கிற சந்து. வீட்டின் பின்கட்டில் இரண்டு பெண்கள், அக்காவும் தங்கையும், விடியும் முன்பே அடுப்பு மூட்டிவிடுகிறார்கள். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் வாங்கிய அரிசி முதல் நாளே மாவாகிச் சலித்து ஆறியிருக்கும். அதில் பொட்டுக்கடலை மாவு, மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு, கிள்ளிப்போட்ட கறிவேப்பிலை. காய்ச்சிய எண்ணெயைச் சுடச்சுட ஊற்றிப் பிசிறிவிட்டுப் பிறகு தண்ணீர் தெளிக்கிறார்கள். கடலைப்பருப்பு பேருக்குத்தான். “வீட்டுக்குச் சுடற தட்டுவடைன்னா பருப்பு நெறைய போடலாங்க. செட்டுக்குப் போட்டா பருப்பு தூக்கி நிக்கும், மேல வெக்கிற வடை ஆடும்” என்றார் அக்கா.

கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிய உருண்டைகளைத் தங்கை உருட்டிப் போட்டுக்கொண்டே போகிறார். அக்கா அவற்றை வெள்ளைத் துணியின் மேல் வரிசையாக வைத்து, அடி தட்டையான டம்ளரால் ஒரே அழுத்து அழுத்துகிறார். ஓரம் வெடித்தால் விரலால் ஒற்றிச் சேர்க்கிறார். பிறகு முள்கரண்டியால் ஒவ்வொரு வட்டத்திலும் குத்து. குத்தாவிட்டால் எண்ணெயில் உப்பிவிடும், உப்பினதை அடுக்க முடியாது. வட்டங்கள் எல்லாம் ஒரே பருமனில் இருக்க வேண்டும். ஓரம் மெலிந்தால் கருகும், நடு தடித்தால் வேகாது. அளவுக்கு எந்த அச்சும் இல்லை, அந்தக் கைதான் அச்சு.

எண்ணெயில் போட்டதும் சட்டி சடசடவென்று சத்தம் போடுகிறது. மாவில் இருக்கிற தண்ணீர் ஆவியாகிக் குமிழாக வெளியேறுகிற சத்தம் அது. நிறத்தைப் பார்த்து எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அக்கா பார்த்ததைவிடக் கேட்டதே அதிகம். சத்தம் தணிந்து குமிழி ஒடுங்கும்வரை தீயைக் கூட்டுவதில்லை. தீ கூடினால் மேலே சிவந்து உள்ளே ஈரம் தங்கிவிடும், சாயங்காலத்துக்குள் நமுத்துப்போகும். எடுத்ததைச் சூட்டோடு டின்னில் அடைத்தாலும் அதே கதிதான். முறத்தில் பரப்பி முழுக்க ஆறவிட்டுத்தான் அடைக்கிறார்கள். கூலி கிலோ கணக்கில். நமுத்த வடை திரும்பி வந்தால் அதற்குக் கூலி இல்லை. அக்காவின் முன்கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள் பழையதும் புதியதுமாக இருக்கின்றன.

மத்தியானம் வண்டிக்காரர் வீட்டில் சட்னி வேலை. மல்லித்தழை, புதினா, பச்சைமிளகாய், கொஞ்சம் புளி சேர்த்து ஒன்று, காய்ந்த மிளகாயும் பூண்டும் தக்காளியும் அரைத்து இன்னொன்று. இரண்டையும் கெட்டியாக அரைப்பதில்தான் கவனம் எல்லாம். சட்னி தண்ணியாக இருந்தால் அந்தத் தண்ணீரை வடை உறிஞ்சிக்கொள்ளும். உழவர் சந்தையில் வாங்கிய பீட்ரூட்டைத் துருவி, மெல்லிய துணியில் கட்டி, வண்டிக்காரரின் மனைவி பிழிகிறார். துருவலில் உப்புப் போடுவதில்லை, போட்டால் காய் நீர்விடும். காலையில் அம்மாபேட்டையில் எண்ணெயில் விரட்டிய தண்ணீர் மறுபடி உள்ளே புகாமல் காப்பதுதான் அன்றைக்கு மிச்சமிருக்கிற பாடு முழுவதும். அதனால்தான் எந்தக் கடையிலும் செட்டை முன்கூட்டி அடுக்கி வைப்பதில்லை. கேட்ட பிறகுதான் கை நீளும்.

வண்டி நின்றதும் முதல் கேள்வி வாடிக்கையாளருக்கு: “காரம் எப்படிங்க?” அந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் இடது கை தட்டில் வடைகளை வரிசையாகப் பரப்பிவிடுகிறது. வலது கையில் கரண்டி. பச்சைச் சட்னி ஒரு தொடல், சிவப்பு ஒரு தொடல், அதன்மேல் வெங்காயம், கேரட், பீட்ரூட் ஒரே சிட்டிகையில். மேல்வடைகளை மூடி, லேசாக அழுத்தித் தட்டை நீட்டுகிறார். முதல் வடையில் சட்னி பட்டு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அந்த இடத்தில் நின்று நான் கேட்டவை எல்லாம் நேருக்கு நேர் சொல்லப்பட்ட விமர்சனங்கள். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைக்கிற ஒருவர் வந்து நின்றதும் சொன்ன முதல் வார்த்தை, “அண்ணா, நேத்துப் பச்சையில புளிப்புத் தூக்கல்.” வண்டிக்காரர் மறுக்கவில்லை. “புளி புதுசுங்கண்ணா, இன்னிக்குக் கொறச்சிருக்கேன், பாருங்க” என்று ஒரு செட்டை மட்டும் முதலில் நீட்டினார். அவர் மென்று முடிக்கும்வரை அடுத்ததை அடுக்கவில்லை. தலையாட்டிய பிறகுதான் மீதித் தட்டு நிறைந்தது.

கல்லூரி முடிந்து பஸ் ஏற நின்ற பெண்கள் வெங்காயம் வேண்டாம், மாங்காய் போடுங்கள் என்றார்கள். மாங்காய்க் காலம் முழுக்க அந்தத் துருவலுக்குத் தனிக் கிண்ணம் உண்டு. வெளியூர்க்காரர் ஒருவர் பீட்ரூட் இனிக்கிறது என்று முகம் சுளித்தார். அடுத்த செட்டில் பீட்ரூட் குறைந்து பூண்டுக் காரம் ஏறியது. பேரனோடு வந்த பாட்டி, “எனக்கு நொறுக்கிப் போட்டு ஊற வையி கண்ணு, பல்லு இல்ல” என்றார். வண்டிக்காரர் வடையைக் கையால் நொறுக்கி, இரண்டு சட்னியும் காயும் சேர்த்துக் கலக்கி, ஓரமாக மூடி வைத்து, நேரம் பார்த்து எடுத்துக் கொடுத்தார். எது மற்ற எல்லாருக்கும் குறையோ அதுவே பாட்டிக்குப் பக்குவம்.

சேலத்துக் கடைகளில் இன்று கிடைக்கிற பூண்டு செட், மாங்காய் செட், முறுக்கு செட், நொறுக்கல், முட்டை நொறுக்கல் எல்லாம் இப்படித்தான் வளர்ந்திருக்கும் என்பது அந்த வண்டியடியில் எனக்குத் தெளிவாயிற்று. ஒருவர் கேட்பார், கை ஒருமுறை செய்து பார்க்கும். பக்கத்தில் நிற்பவர், “எனக்கும் அப்படியே ஒண்ணு” என்றால் அது பட்டியலில் ஏறிவிடும். யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை என்றால் அன்றோடு முடிந்தது. சீஸ் செட் வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டதால் வண்டிக்காரர் அதையும் வைத்திருக்கிறார். “கேக்கறாங்க, போடறேன். ஆனா சீஸ் போட்டா மொறுமொறுப்பு வாயில தெரியாதுங்க. அதையும் சொல்லித்தான் குடுப்பேன்” என்றார்.

வாயால் சொல்லாத அபிப்பிராயங்களையும் அவர் படித்துவிடுகிறார். கூடையில் விழுகிற காலித் தட்டுகள்மேல் அவருக்கு எப்போதும் ஒரு கண். சிவப்புச் சட்னி வழித்து ஒதுக்கியிருந்தால் மிளகாய் ஏறிவிட்டது. வெங்காயம் மட்டும் மிச்சமென்றால் அரிந்தது பெரிசு. தினம் வருகிற முகம் தொடர்ந்து வராவிட்டால் மனசு அடித்துக்கொள்ளும் என்றார். கைபேசியில் படமெடுக்க வருகிறவர்களிடம் மட்டும் கெஞ்சுகிறார்: “மொதல்ல ஒண்ணு வாயில போட்டுட்டு அப்பறம் எடுங்க.” கோணம் பார்த்துப் படமெடுத்து முடிப்பதற்குள் வடை இளகிவிடும். அதைத் தின்றுவிட்டு அவர்கள் சொல்கிற தீர்ப்பு அந்த வண்டியின் செட்டைப் பற்றியது ஆகாது.

அன்று மாலை முழுவதும் ஒன்றைக் கவனித்தேன். சட்னியைப் புகழ்ந்தார்கள், காரத்தைத் திட்டினார்கள், காய் புதுசு என்றார்கள், கை சுத்தம் என்றார்கள். தட்டுவடையைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. மேலும் கீழும் அதுதான் இருக்கிறது, அது மொறுமொறுவென்று உடைவதால்தான் மற்ற எல்லாம் ருசிக்கிறது. நன்றாக இருக்கிறவரை அது யார் கண்ணிலும் படுவதில்லை. மழைக்காலத்தில் காற்றின் ஈரம் பட்டு நமுத்தால் மட்டும், “வடை சரியில்லண்ணா” என்று பேச்சு வரும். அந்தப் பேச்சுதான் அம்மாபேட்டைக்கும் போகும். “நல்லா இருக்குன்னு சொன்னாங்கன்னு யாரும் எங்ககிட்ட வந்து சொன்னதில்லீங்க” என்று அக்கா சொன்னபோது அதில் குறை சொல்லும் தொனி இல்லை. எனக்குத்தான் அது பெரும் குறையாகப் பட்டது.

தெருவில் நின்று தொழில் செய்கிறவருக்குச் சட்டம் சில உறுதிகளைத் தந்திருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அடையாள அட்டைக்கும் விற்பனைக் குழுவுக்கும் வழி செய்தது. சிறு உணவுக்கடைகள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்துகொள்ளச் சிறு கட்டணம் போதும் என்ற ஏற்பாடு வந்தது. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூசிய தட்டுகளுக்குத் தடை வந்தபோது இந்த வண்டிகளும் மாறிக்கொண்டன. இவையெல்லாம் வண்டியைத் தொடுகின்றன. பின்கட்டு அடுப்பு வரை எட்டுவதில்லை. வீட்டிலிருந்து கிலோக் கூலிக்குச் சுடுகிற பெண்களுக்கு அட்டை இல்லை, தெருவில் அவர்கள் முகமும் இல்லை.

எண்ணெய் விலை ஏறும்போது சிக்கல் எல்லாருக்கும் வருகிறது. விலையைக் கூட்டுவதா, வடையைச் சிறிதாக்குவதா என்று கேட்டேன். வண்டிக்காரர் யோசிக்கவே இல்லை. “வெலைய ஏத்துனா ஒரு வாரம் மூஞ்சிய சுளிப்பாங்க, அப்பறம் வந்துருவாங்க. வடைய சின்னதாக்குனா ஒண்ணும் சொல்லாம போயிருவாங்க, திரும்ப வரவே மாட்டாங்க.” வாடிக்கையாளரின் மனசை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் விலை ஏறும்போது கிலோக் கூலியும் ஏறுகிறதா என்ற கேள்விக்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. “ஏத்தணுங்க” என்றார், கொஞ்சம் பொறுத்து.

தட்டுவடை செட் நல்ல பண்டம். தின்றவர் சொன்னதைச் செய்கிறவர் அன்றைக்கே காதில் வாங்கித் திருத்திக்கொள்வதால்தான் அது நல்ல பண்டமாக நிலைத்திருக்கிறது. சேலம் போகிறவர்கள் அந்த வழக்கத்தைத் தொடருங்கள். புளிப்போ காரமோ கூடினால் வண்டியடியில் நின்றே சொல்லுங்கள். வடை மொறுமொறுவென்று இருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லி, சுட்டவர்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். விலை ஐந்து ரூபாய் ஏறியிருந்தால் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு, அதில் வடை சுட்டவருக்கும் பங்கு போகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். புளிப்புக் கூடியதைக் கேட்டுத் திருத்துகிற கடைக்காரர் இதையும் கேட்டுத் திருத்துவார்.