சிறுதேரும் அளவுகோலும்

தச்சர் செய்து தந்த சிறிய தேரில் சிறுவர் ஏறிச் செல்ல இயலாது. ஆயினும் அதைக் கையால் இழுத்துச் சென்றே அவர்கள் மகிழ்வர். தும்பிசேர்கீரனார், குறுந்தொகையின் 61ஆம் பாடலில் இவ்வுண்மையை உவமையாக்கியுள்ளார். அச்சிறுவர்க்கு அது தேராக இருக்க வேண்டியதில்லை. தேரைப் போன்று இருந்தால் போதும். அவ்வாறெனில், ஒன்று மற்றொன்றைப் போன்று இருப்பதற்கு எவ்வளவு ஒத்திருக்க வேண்டும்? தொடர்வண்டி தோன்றிய பின்னர், அதன் சிறிய உருவங்களைச் செய்யத் தொடங்கிய மேலைநாட்டார் இவ்வினாவையே எதிர்கொண்டனர்.

தகரத் தொடர்வண்டி

செருமனியின் கோப்பிங்கன் நகரில் 1859ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது மெர்க்லின் நிறுவனம். பொம்மை வீட்டுக்கான தகரச் சமையல் கலங்களைச் செய்துவந்த அந்நிறுவனம், 1891ஆம் ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையில் ஒரு புதுமையைக் காட்சிக்கு வைத்தது. விசைச்சுருளால் ஓடும் தொடர்வண்டியும், வரையறுத்த அகலம் கொண்ட தண்டவாளத் துண்டுகளும் அங்கு இடம்பெற்றன. ஓராண்டு வாங்கிய பாதையோடு மறு ஆண்டு வாங்கும் பாதையையும் இணைத்துக்கொள்ள முடிந்தது.

அக்காலப் பொம்மை வண்டிகளின் சக்கரங்கள் தடித்திருந்தன. பெட்டிகள் குட்டையாக இருந்தன. அவற்றை எவரும் குறையாகக் கருதவில்லை. கீழே விழுந்தாலும் உடையாமல், கூடத்துத் தரையில் வளைந்து வளைந்து ஓடுவதே அவற்றின் பணியாக இருந்தது.

கணக்கு விதிக்கும் கட்டளை

காலப்போக்கில் பெரியவர்களும் இக்கலையில் ஈடுபட்டனர். அவர்கள் அளவுகோலைக் கையில் எடுத்தனர். இன்று உலகில் பெரிதும் வழங்கும் அளவுவிகிதம் 1:87 ஆகும். இதனை ‘எச் ஓ’ என்பர். உண்மைத் தண்டவாளங்களின் இடையகலமான 1435 மில்லிமீட்டர், இவ்விகிதத்தில் 16.5 மில்லிமீட்டர் ஆகிறது.

இவ்விகிதத்தை எல்லாவற்றிற்கும் பொருத்த முயன்றபோது இடர்ப்பாடு தோன்றியது. செருமானிய விரைவு வண்டியின் பெட்டி 26.4 மீட்டர் நீளமுடையது. அதன் மாதிரி ஏறத்தாழ 303 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். அத்தகைய நீண்ட பெட்டி, வீட்டு மேசையின் குறுகிய வளைவில் திரும்பும்போது பாதையை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. உண்மைப் பாதையில் 300 மீட்டர் ஆரமுடைய வளைவை இவ்விகிதத்தில் அமைத்தால் அதன் ஆரம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆகும். அதில் அரைவட்டம் திரும்புவதற்கே ஏழு மீட்டர் அகலமுள்ள அறை தேவைப்படும். எனவே, பல நிறுவனங்கள் பெட்டியின் நீளத்தை 28 சென்டிமீட்டர் அளவிற்கும் அதற்குக் குறைவாகவும் சுருக்கி விற்றன.

பிரிட்டனில் வேறொரு சிக்கல் எழுந்தது. அந்நாட்டுத் தொடர்வண்டிகள் ஐரோப்பிய வண்டிகளைவிட உருவில் சிறியவை. 1:87 விகிதத்தில் செய்த அவற்றின் உடலுக்குள் அக்கால மின்பொறி அடங்கவில்லை. ஆகவே, உடலை மட்டும் 1:76 விகிதத்திற்குப் பெரிதாக்கிப் பாதையை 16.5 மில்லிமீட்டராகவே விட்டுவிட்டனர். முறைப்படி அது 18.83 மில்லிமீட்டர் இருந்திருக்க வேண்டும். ஏறத்தாழ இரண்டேகால் மில்லிமீட்டரான இவ்வேறுபாட்டைப் பொறுக்க மாட்டாத ஆர்வலர்கள், தங்கள் கையாலேயே புதிய பாதைகளை அமைத்துக்கொண்டனர். அவர்தம் பிடிவாதம் பிறர்க்கு வியப்பளிக்கலாம். ஆயினும், கண்ட பொருளைக் கண்டவாறே காட்ட வேண்டும் என்னும் நேர்மை அதன் அடியில் உள்ளது.

இளஞ்சிவப்பு வண்டி

மறுபுறம், மிகச் சிறு குழவியர்க்கான மரத் தொடர்வண்டியில் நுண்பகுதி எதுவும் இல்லை. உருண்ட கொதிகலன், ஒரு புகைபோக்கி, நான்கு சக்கரங்கள், பெட்டிகளை இணைக்கக் காந்தம் ஆகியவையே உள்ளன. எஞ்சியவற்றைக் குழந்தையின் உள்ளம் நிரப்பிக்கொள்கிறது.

ஆயின், குழந்தைகள் எதையும் ஏற்றுக்கொள்வர் என்று எண்ணுவது பிழையாகும். அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1957ஆம் ஆண்டு சிறுமியர்க்கென்றே ஒரு தொடர்வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பொறி இளஞ்சிவப்பு நிறமுடையது. பெட்டிகளுக்கும் மெல்லிய வண்ணங்கள் தீட்டப்பட்டிருந்தன. அவ்வண்டி விலைபோகவில்லை. தொடர்வண்டியை விரும்பிய சிறுமியர், உண்மையான தொடர்வண்டியின் நிறத்தையே விரும்பினர் என்று அதற்குக் காரணம் கூறப்படுகிறது.

மரவண்டியை மகிழ்வோடு ஏற்கும் குழந்தையுலகம் இளஞ்சிவப்பு வண்டியை ஏன் ஏற்கவில்லை? மரவண்டி பலவற்றை விட்டுவிடுகிறது. எதையும் மாற்றிக் கூறுவதில்லை. இளஞ்சிவப்பு வண்டியோ, சிறுமியர்க்கு எது பிடிக்கும் என்பதைப் பெரியவர்களே முடிவுசெய்து பூசிய வண்ணம். குறைத்தல் வேறு, பொய்த்தல் வேறு.

அட்டையில் நிலைத்த ஊர்கள்

அளவுகோலின் பெருமையை உணர்த்துவது ராய் இங்லண்ட் என்பவரின் வாழ்க்கை. ஆஸ்திரேலியாவில் பிறந்த அவர், 1925ஆம் ஆண்டு பிரிட்டன் வந்தார். தொடர்வண்டிகள்மீது கொண்ட பற்று, அவரை ‘வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு’ எனப்படும் நாட்டுப்புறத்தில் தங்கவைத்தது. அங்கு, வைக்கோல் வேய்ந்த பழைய குடில்கள் தம் கண்முன்னே உருமாறுவதையும் மறைவதையும் அவர் கண்டார். அவற்றைக் காக்கும் செல்வமோ அதிகாரமோ அவரிடம் இல்லை. கையில் இருந்தவை அளவுநாடா, அட்டை, வண்ணம் ஆகியவையே. குடில்களை அளந்தார், அட்டையை வெட்டி அவற்றின் மாதிரிகளைச் செய்தார்.

ஆக்ஸ்போர்டுசயர் பகுதியின் லாங் விட்டன்காம் ஊரில் 1954ஆம் ஆண்டு அவர் தொடங்கிய முயற்சியே பெண்டன் அருங்காட்சியகமாக வளர்ந்தது. 1920களிலும் 1930களிலும் அப்பள்ளத்தாக்கு இருந்த தோற்றத்தை, தன்னார்வலர்கள் பல பத்தாண்டுகளாக உழைத்து அங்கு உருவாக்கியுள்ளனர். மறைந்துபோன ஒரு வீட்டை அறிய விரும்புவோர்க்கு ‘ஏறத்தாழ’ என்பது போதாது. அங்கு ஒரு மில்லிமீட்டர் பிழையும் நினைவில் நேரும் பிழையாகும்.

அதே அருங்காட்சியகத்தில் ஜான் அஹெர்ன் என்பவர் படைத்த ‘மேடர் பள்ளத்தாக்கு’ எனும் மாதிரியும் பாதுகாக்கப்படுகிறது. அப்பள்ளத்தாக்கு எந்த நிலப்படத்திலும் இல்லை. முழுவதும் அவருடைய கற்பனை. வண்டியோடு, அது ஓடும் ஊருக்கும் ஆற்றுக்கும் உயிர் தர வேண்டும் என்பதே அவர் நோக்கம். தன்னைக் கற்பனை என்று மறைக்காமல் கூறுவதால், அதுவும் பொய்யன்று.

முழுமையான ஒப்புமை எந்தச் சிறிய உருவத்திற்கும் வாய்ப்பதில்லை. எதை விடுவது, எதைக் காப்பது என்னும் முடிவைச் செய்பவரே எடுக்க வேண்டும். அழிந்த ஊரை நினைவில் நிறுத்த விழைபவர்க்கு அளவுகோல் துணை. குழந்தையின் கைக்கு வண்டி தருபவர்க்கு எளிமை துணை. யாருக்காகச் செய்கிறோம் என்பதை மறவாத கைகளில், தச்சரின் சிறுதேரும் அளந்து செய்த அட்டைக் குடிலும் ஒருசேர உண்மையாகின்றன.