டாக்டரை எப்போது விடுவது?

எங்கள் வீட்டில் ஆறு பேர். அதில் ஒருத்தர் ஒன்றரை வருசமாக மனநல கிளினிக்குக்குப் போய் வருகிறார். யாரென்று இங்கே எழுதப் போவதில்லை. பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டம் என்று சொன்னாலே போதும், எங்க லயத்துக்காரங்க மீதியைக் கண்டுபிடிச்சிருவாங்க. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க "நாங்கள்"தான். கூச்சத்துக்காக மட்டும் இப்படி எழுதவில்லை. மாத்திரை குடித்தது ஒருத்தர் என்றாலும், கிளினிக் நாளில் வேலையை விட்டுவிட்டுக் கூடப் போனது ஒருத்தர், அங்கே சிங்களத்தில் பேசியது ஒருத்தர், பக்கத்து வீட்டில் கேட்டால் "பிரசர் கிளினிக்" என்று சமாளித்தது இன்னொருத்தர். வருத்தம் ஒருத்தருக்கு, வைத்தியம் ஆறு பேருக்கும் என்றுதான் எங்களுக்கு இருந்தது.

இப்போது அவங்க நல்லா இருக்காங்க. ராத்திரி தூங்குறாங்க. விடியக்காலையில எழும்பி தேத்தண்ணி ஊத்துறாங்க. லயத்துக்குப் பின்னாடி போஞ்சி நட்டிருக்காங்க. ஒன்றரை வருசத்துக்கு முன்னால் அவங்களைக் குளிக்க வைக்கவே மூன்று பேர் தேவைப்பட்டது. டாக்டர் அதற்கு மனச்சோர்வு என்று பேர் சொன்னார். எங்களுக்குத் தெரிந்த பேர் "யோசனை". நல்லானதும் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தோம். நல்லான பிறகுதான் வீட்டில் பெரிய வாக்குவாதமே வந்தது: இனியும் டாக்டர்கிட்ட போகணுமா?

எது நல்லாக்கியது என்பதிலேயே எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. முதலில் மாத்திரை. செர்ட்ராலின் என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருந்தது. ஆரம்பத்தில் வயிற்றுப் பிரட்டல்தான் மிச்சம். நாலைந்து வாரம் போன பிறகு தூக்கம் வந்தது, சாப்பாடு இறங்கியது. அதற்குப் பிறகு ஒரு உளவளத்துணையாளர் கிடைத்தார். தமிழில் பேசுகிறவர். அவர் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒரு நாளைக்குச் செய்யக்கூடிய சின்னச் சின்ன வேலையாக எழுத வைத்தார். முகம் கழுவுறது. பீலிக்கரை வரைக்கும் நடக்குறது. ஒருத்தர்கிட்டயாவது பேசுறது. "மனசு நல்லானதும் செய்வோம்னு இருக்காதீங்க, செய்யத் தொடங்குங்க, மனசு பின்னால வரும்" என்றார். போஞ்சித் தோட்டம் அந்தத் தாளில் இருந்து முளைத்ததுதான். பிறகு படிக்கும்போது தெரிந்தது, இந்த முறையைக் கோவாவில் மருத்துவர் அல்லாத சாதாரண ஆட்களுக்குப் பழக்கிக் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் அது பலன் தந்ததாக விக்ரம் பட்டேலும் அவரது குழுவினரும் 2017இல் லான்செட் இதழில் எழுதினார்கள்.

அப்பாயிக்கு இந்தக் கதையெல்லாம் வேண்டாம். அவங்க மாரியம்மனுக்கு நேர்ந்தது, கோடாங்கி கட்டிய கயிறு, திருவிழாவில் எடுத்த பால்குடம், இதுதான் காரணம். "மாத்திரை தூங்க வச்சுச்சு, எழுப்புனது ஆத்தா" என்பது அவங்க தீர்ப்பு.

அம்மாவின் கணக்கு வேறு. கிளினிக் போகும் நாளில் கூடப் போகிறவருக்குப் பேர் கிடையாது. 2024இல் 1350 ரூபாயாகக் கூட்டிய நாள் சம்பளம் அன்றைக்கு இல்லை. பஸ் காசு, கடைச் சாப்பாடு எல்லாம் மேலே. மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்தான், ஆனால் சில மாதம் "இல்லை, வெளியில எடுங்க" என்று துண்டு எழுதித் தருவார்கள். அப்பாவுக்குக் காசு பெரிசில்லை. வீட்டில் கலியாணப் பேச்சு வரும் வயசில் ஆட்கள் இருக்கிறார்கள். மனநல கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருப்பதை ஊர்க்காரர் யாராவது பார்த்தால் "அங்கொட கேஸ்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள் என்ற பயம். கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன் போனில் சொன்னது: "அந்த மாத்திரை எல்லாம் பழகிரும்மா, இப்பவே நிப்பாட்டுங்க."

சம்பந்தப்பட்டவங்களைத்தான் கடைசியாகக் கேட்டோம். அவங்க சொன்னது எங்கள் யார் கணக்கிலும் இல்லாத ஒன்று. "மாமா செத்த வீட்டுல எல்லாரும் அழுதாங்க. எனக்கு அழுகை வரல. கவலை இல்லாம இல்ல, வரல அவ்வளவுதான். அது எனக்குப் புடிக்கல." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னாங்க: "ஆனா நிப்பாட்டி திரும்ப அந்த மாதிரி ஆயிருவேனோன்னும் பயமா இருக்கு."

அதற்குப் பிறகுதான் வீட்டில் சத்தம் குறைந்தது. எங்களில் கெம்பசில் படிப்பவருக்கு இதைப் படித்துப் பார்த்துச் சொல்லும் வேலை வந்தது. கலைப்பீடம்தான், மருத்துவம் இல்லை. ஆனாலும் சில விசயம் சாதாரண ஆளுக்கும் விளங்குகிற மாதிரி இருக்கிறது.

மனச்சோர்வு மாத்திரையைச் சாகும் வரைக்கும் குடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியில், நோய்க்குறி இல்லாமலோ மிகக் குறைவாகவோ 9 முதல் 12 மாதம் போனால் நிறுத்துவதைப் பற்றி யோசிக்கலாம் என்று இருக்கிறது. அண்ணன் சொன்ன "பழகிரும்" என்பது பாதி சரி. சாராயத்துக்கு ஏங்குகிற மாதிரி இதற்கு ஏக்கம் வராது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்று, எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி ஒரு வெட்டு, இதெல்லாம் வரலாம். அது பழைய நோய் திரும்பி வந்த மாதிரியே தெரியும், அதுதான் குழப்பம். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எத்தனை பேர் இந்த நிலைமையில் மாட்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தோம்.

நிறுத்தினால் திரும்ப வருமா என்ற கேள்விக்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு ஆய்வு 2021இல் வெளிவந்தது. நீண்டகாலம் மாத்திரை எடுத்து, "இப்ப நல்லா இருக்கு, விடலாம்" என்று யோசித்த 478 பேர். பாதிப் பேருக்கு மாத்திரை தொடர்ந்தது, மற்றவர்களுக்குப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு வருசத்துக்குள் தொடர்ந்தவர்களில் 39 வீதத்தினருக்கும் நிறுத்தியவர்களில் 56 வீதத்தினருக்கும் நோய் திரும்பியது. அம்மாவிடம் இதை இப்படித்தான் சொன்னோம்: நிறுத்தினால் ஆபத்து கூடும், ஆனால் நிறுத்தியவர்களில் நூற்றுக்கு நாற்பத்தி நாலு பேருக்கு அந்த வருசம் ஒன்றும் வரவில்லை. மாத்திரையைத் தொடர்ந்தாலும் முழுக் காவல் இல்லை.

எங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது 2015இல் லான்செட்டில் வந்த ஆய்வு. மூன்று தடவையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்த 424 பேர். ஒரு பகுதியினர் மாத்திரையைத் தொடர்ந்தார்கள். மற்றப் பகுதியினர் எட்டு வாரம் மைண்ட்ஃபுல்னஸ் வகுப்புக்குப் போய், கூடவே மாத்திரையைக் குறைக்கவும் உதவி பெற்றார்கள். இரண்டு வருசத்தில் மாத்திரைக்காரர்களில் 47 வீதம், வகுப்புக்காரர்களில் 44 வீதம் திரும்ப விழுந்தார்கள். பெரிய வித்தியாசமே இல்லை. அப்படியென்றால் வேறு வைத்தியம் மாத்திரையின் இடத்தைப் பிடிக்க முடியும். ஆனால் அவர்கள் கிளினிக் கொப்பியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகவில்லை, குறைக்கும்போது பக்கத்தில் ஒரு வைத்தியர் இருந்தார்.

அப்பாயியின் மாரியம்மனையும் நாங்கள் தள்ளி வைக்கவில்லை. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் என்று ஒன்று. மனநோய் வந்தவர்களை அங்கே கொண்டுபோய்த் தங்க வைப்பார்கள். ரகுராம் என்ற மனநல மருத்துவரும் கூட்டாளிகளும் அங்கே தங்கிய 31 பேரை வந்தபோதும் போகும்போதும் சோதித்தார்கள். சராசரி ஆறு வாரம். நோய்க்குறி ஏறத்தாழ 20 வீதம் குறைந்திருந்தது. அங்கே தனிச் சடங்கு ஒன்றும் கிடையாது. தங்குவது, கோயில் வேலையில் கைகொடுப்பது, காலையில் கும்பிடுவது, யாரும் விரட்டாமல் இருப்பது, அவ்வளவுதான். 2002இல் இது பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்தது. ஆனால் அதற்கு முந்திய வருசம், 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி, அதே தமிழ்நாட்டில் ஏர்வாடி தர்காவை நம்பி நடந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். இரண்டு இடத்துக்கும் சனம் கொண்டுபோனது ஒரே நம்பிக்கையைத்தான். ஒரு இடத்தில் கட்டி வைத்தார்கள், மற்ற இடத்தில் வேலையும் மரியாதையும் கொடுத்தார்கள். அப்பாயி கேட்டுவிட்டு, "நாங்க யாரையும் கட்டலயே" என்றாங்க. உண்மைதான். பால்குடம் எடுத்த அன்றைக்கு லயமே கூட நடந்தது. ஒன்றரை வருசத்தில் அவங்களை யாரும் நோயாளியாகப் பார்க்காத ஒரே நாள் அதுதான்.

இவ்வளவும் பேசின பிறகு எங்களுக்கு விளங்கியது, நாங்கள் ஒரே கேள்வி என்று நினைத்தது மூன்று கேள்வி. மாத்திரையை விடுறதா? டாக்டரை விடுறதா? கிளினிக் வாங்கில் உட்காரும் வெட்கத்தை எப்படி விடுறது? அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இருந்தது இரண்டாவதும் மூன்றாவதும். அவங்களுக்கு இருந்தது முதலாவது. மாத்திரையை விட வேண்டுமென்றால் டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் தேவை. எவ்வளவு குறைப்பது, எப்போது, வருவது மாத்திரை விட்ட தொந்தரவா பழைய வருத்தமா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். போவதை நிறுத்துவதற்காகவே இன்னும் சில தடவை போக வேண்டியிருந்தது.

அடுத்த கிளினிக்கில் அதைச் சொன்னோம். அது லேசான வேலை இல்லை. சப்ரகமுவையில் ஆஸ்பத்திரிக்குப் போகிற நம்ம ஆட்களுக்குத் தெரியும், நூறு பேர் வரிசையில் இருக்கும்போது கிடைக்கிறது அஞ்சு நிமிசம், அதுவும் இன்னொரு பாசையில். முதல் தடவை போனபோது "மனசு பாரமா இருக்கு" என்பதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், நெஞ்சு வலி என்று போய், ஈசிஜி எடுத்தார்கள். பிறகு ஒரு நேர்ஸ் அக்காதான் "கல்பனாவ வெடித?" என்று கேட்டார். யோசனை கூடவா என்று. எங்கள் சொல்லும் அவங்க சொல்லும் ஒன்றாக இருந்ததில் வழி திறந்தது. இந்த முறை வீட்டிலேயே ஒரு தாளில் நாலு வரி சிங்களத்தில் எழுதிக்கொண்டு போனோம். எத்தனை மாதமாக நல்லா இருக்கு. வேறு என்ன வைத்தியம் நடக்குது. அழுகை வராத பிரச்சினை. குறைக்க ஆசை. டாக்டர் கோவிக்கவில்லை. வாசித்தார், உளவளத்துணை பற்றி இரண்டு கேள்வி கேட்டார், "இப்போது வேண்டாம், இரண்டு மாதம் கழித்துத் தொடங்குவோம்" என்றார்.

அந்த இரண்டு மாதம் எங்களுக்கும் சரியாக இருந்தது. மாசி, பங்குனி வரட்சியில் கொழுந்து குறையும், பேரும் குறையும், கடைக் கடன் ஏறும். வீட்டில் மூச்சு முட்டுகிற காலத்தில் இதைத் தொடங்கக் கூடாது. சித்திரை முடிந்து 50 மில்லிகிராம் 25 ஆனது. முதல் வாரம் தலைசுற்றும் கெட்ட கனவும் வந்தன, பிறகு அடங்கின. அழுகையும் வந்தது, ஒரு நாடகம் பார்க்கும்போது. எல்லாரும் பயந்து பார்த்தோம். "சும்மா இருங்க, நாடகத்துக்குத்தான்" என்றாங்க.

இப்போது எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. தொடர்ந்து ஒரு வாரம் தூக்கம் கெட்டால், குளிக்காமல் இரண்டு நாள் போனால், போஞ்சிக்குத் தண்ணி ஊற்றாமல் விட்டால், யாரும் திட்டக் கூடாது, திகதி வரும் வரைக்கும் காத்திருக்கவும் கூடாது, கிளினிக்குக்குப் போவோம். உளவளத்துணை தொடரும். கயிறும் கையில் இருக்கும். மாத்திரை முழுக்க நின்ற பிறகும் ஆறு மாதத்துக்குக் கொப்பியை மூடுவதில்லை.

இது எங்கள் வீட்டு முடிவு, எல்லாருக்குமான விதி இல்லை. இது முதல் தடவை வந்த மனச்சோர்வு. குரல் கேட்கிற வருத்தம், அளவுக்கு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருகிற வருத்தம், திரும்பத் திரும்ப வருகிற மனச்சோர்வு, சாக நினைத்த அனுபவம், இதெல்லாம் இருந்தால் கணக்கே வேறு. உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு ஓடினால், சம்பந்தப்பட்ட ஆளை முதலில் கேளுங்கள். நாங்கள் கடைசியாகத்தான் கேட்டோம். பிறகு அதை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். ராத்திரியில் யாரும் இல்லாமல் தவித்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எடுங்கள். அடுத்த கிளினிக் வாற மாசம் இருக்கிறது. இந்த முறை கூடப் போவது அப்பா. அவர்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்.