‘மகிழ்ச்சி’யும் சில முகச்சுளிப்புகளும்

‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’... பெயரைக் கேட்டதும் யாரோ புதிதாக ஒரு தொண்டு நிறுவனம் ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தவர்கள் உண்டு. அது ஒரு இசைக்குழு. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து 2017 கடைசியில் உருவாக்கியது. கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், பறை, தவில், சட்டி, கட்ட மோளம் வாசிக்கிறவர்கள், இவர்களோடு கிடாரும் டிரம்ஸும் என்று மொத்தம் 19 பேர். அத்தனை பேரில் பாடகி ஒருவர்தான், இசைவாணி. குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து வந்தது. ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்ற பேச்சை 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கி வைத்தவர் அவர்.

2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. மேடையில் எல்லோரும் கோட் சூட்! கானா என்றாலே லுங்கியும் கழுத்தில் கர்ச்சீப்பும் என்று சினிமா பழக்கிவிட்ட கண்களுக்கு அதுவே ஒரு அதிர்ச்சி. (கோட் சூட் யாரை ஞாபகப்படுத்துகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.)

அந்த மேடையின் சூட்டை ஸ்டுடியோவுக்குள் கொண்டுவரும் முயற்சிதான் ‘மகிழ்ச்சி’ ஆல்பம். ‘கபாலி’யில் ரஜினி சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் பரவிய அதே வார்த்தை.

சரி, இசைக்கு வரலாம். விருத்தாசலத்துக்காரர்களுக்குச் சட்டி என்றால் களிமண்ணும் செராமிக் சூளையும்தான் ஞாபகம் வரும். கானாவில் சட்டி என்பது தாள வாத்தியம். சாவு ஊர்வலத்தில் பிணத்துக்கு முன்னால் போகிற சத்தம். கானாவே பெரும்பாலும் அங்கே வளர்ந்ததுதான். இறந்தவர் வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடுகிற பாட்டு. அந்தச் சத்தத்தைக் கல்யாண வீட்டுக்குள் விடமாட்டார்கள், சபாவுக்குள் விடமாட்டார்கள். சினிமா மட்டும் விட்டது, அதுவும் பெரும்பாலும் ஹீரோ குடித்துவிட்டு ஆடும்போது. இந்தக் குழு செய்தது என்னவென்றால், அதே சட்டியை ராக் டிரம்ஸுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் வைத்தது. கிடார் முன்னால் நின்று, நாட்டுப்புற வாத்தியம் ஓரத்தில் ‘கலர்’ காட்டுகிற வழக்கமான ஃப்யூஷன் இல்லை இது. பல இடங்களில் பாட்டை இழுத்துக்கொண்டு ஓடுவது சட்டியும் கட்ட மோளமும்தான். கிடார் பின்னாலேயே ஓடி வருகிறது. கேட்க அவ்வளவு ஜோராக இருக்கிறது.

குறையே இல்லையா? இருக்கிறது. 19 பேர் மேடையில் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு பாடும்போது வருகிற வேகம் ஸ்டுடியோ பதிவில் கொஞ்சம் அடங்கிவிடுகிறது. எல்லாம் சுத்தமாக, தனித்தனியாகக் கேட்கிறது. அதுவே ஒரு குறை. சில இடங்களில் வரிகள் பாட்டிலிருந்து இறங்கி பொதுக்கூட்டத்துக்குப் போய்விடுகின்றன. இட ஒதுக்கீட்டைப் பற்றிய ‘கோட்டா’வில் அப்படி ஆகவில்லை, ஏனென்றால் அங்கே அறிவின் நாக்கு தாளத்தை விட்டு ஒரு நொடி கூட விலகுவதில்லை. வாதமும் தாளமும் ஒன்றாகவே வந்து விழுகின்றன.

ஆனால் இந்தக் குழுவின் மேல் வந்த விமர்சனத்தில் இப்படிப்பட்ட விஷயங்களைப் பேசியவர்கள் ரொம்பக் குறைவு. பாராட்டியவர்கள் ‘துணிச்சல்’ என்று பாராட்டினார்கள். திட்டியவர்கள் ‘இசையில் எதற்கு சாதி?’ என்று திட்டினார்கள். இரண்டு பேருமே சட்டியைக் கேட்கவில்லை!

‘இசையில் எதற்கு சாதி’ என்ற கேள்வி இருக்கிறதே, அதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பெங்களூரின் அகம் குழு 2012இல் முதல் ஆல்பம் வெளியிட்டது. கர்நாடக சங்கீதமும் ராக்கும் கலந்த, உண்மையிலேயே நன்றாக வாசிக்கிற குழு. அவர்களிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதாகத் தெரியவில்லை. கீர்த்தனையோடு கிடார் சேர்ந்தால் அது இசை. கானாவோடு சேர்ந்தால் அது அரசியல்.

அவ்வளவு தூரம் போவானேன். கடலூர் மாவட்டத்தில் திருவிழா ஊர்வலத்திலும் குருபூஜை வேனிலும் கல்யாண மண்டப வாசலிலும் ஸ்பீக்கர் கட்டிப் போடுகிற பாட்டுகளை எல்லோரும் கேட்டுத்தான் இருக்கிறார்கள். எங்கள் இனம், எங்கள் வீரம், எங்கள் மண் என்று பெயர் சொல்லியே பாடும் பாட்டுகள். அந்த வேனை நிறுத்தி ‘இசையில் எதற்குப்பா சாதி’ என்று கேட்டவர் உண்டா? ம்ஹும். சாதி உண்டு என்று பாடினால் அது திருவிழா. வேண்டாம் என்று பாடினால்தான் வம்பு.

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில்தான் புதுக்கூரைப்பேட்டை. கெமிக்கல் இன்ஜினியரிங் படித்த முருகேசனும் பி.காம். படித்த கண்ணகியும் சாதி மீறிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதற்காக 2003 ஜூலை 8ஆம் தேதி விஷம் ஊற்றிக் கொல்லப்பட்ட ஊர். கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று சொல்ல 2021 செப்டம்பர் ஆனது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிய 2025 ஏப்ரல் ஆனது. ‘கேஸ்ட்லெஸ்’ என்ற வார்த்தையை சென்னையில் ஒரு டீ-ஷர்ட்டில் போட்டுக்கொள்ளலாம். இந்தப் பக்கம் அதே வார்த்தைக்கு எடை வேறு.

ஆல்பத்துக்குப் பிறகு நடந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அறிவு 2019இல் ஓஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ ஆல்பம் கொடுத்தார். 2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’ உலகம் முழுக்க ஓடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அந்தப் பாட்டைப் பேசியபோது பாட்டை எழுதியவர் முகம் இல்லை. ரஞ்சித் கேட்ட பிறகு, சண்டை பெரிதான பிறகு, அறிவுக்குத் தனியாக ஒரு அட்டை வந்தது. இசைவாணியை 2020இல் பிபிசி தன் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. 2024 நவம்பரிலோ, சபரிமலை விவகாரம் சூடாக இருந்த 2018இல் குழு பாடிய ‘ஐயாம் சாரி ஐயப்பா’வை யாரோ தோண்டி எடுத்தார்கள். ஆறு வருஷம் கழித்துப் புகார், கைது செய் என்ற கூச்சல், போனில் மிரட்டல். மேடையில் இருந்தவர்கள் பத்தொன்பது பேர், மிரட்டல் மட்டும் பாடகிக்கு!

இன்னும் கேட்காதவர்கள் ‘கோட்டா’வில் தொடங்கலாம். மொபைல் ஸ்பீக்கரில் போட்டால் சட்டி தகர டப்பா மாதிரிதான் கேட்கும். ஹெட்போன் முக்கியம். சத்தம் கொஞ்சம் கூடுதலாக.