ரூபிளும் கோபெக்கும்: எண்ணை நம்பாமல் எடையைப் பார்த்தல்

ரஷ்ய நாணயங்களைச் சேர்ப்பவருக்குப் பொறித்திருக்கும் எண் மட்டும் போதாது. "5 கோபெக்" என்றிருக்கும் இரண்டு நாணயங்களில் ஒன்று உள்ளங்கையை அழுத்தும் 51 கிராம் செம்பாக இருக்கலாம். மற்றது ஒரு கிராம் அளவே உள்ள வெள்ளிப் பொட்டாக இருக்கலாம். உலோகம், எடை, ஆண்டு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஐந்து கோபெக்கின் பெறுமானம் தெரியவரும்.

இந்தக் கணக்கின் அடித்தளம் 1535இல் போடப்பட்டது. சிறுவனாக இருந்த நான்காம் இவானுக்காக அவன் தாய் எலேனா கிளின்ஸ்கயா ஆட்சி நடத்திய காலம் அது. வெள்ளிக் கம்பியைத் துண்டுகளாக நறுக்கித் தட்டி, அதன்மேல் அச்சு அடித்தார்கள். ஈட்டி ஏந்திய குதிரைவீரன் உள்ளது கோபெக், எடை 0.68 கிராம். வாள் ஏந்தியவன் உள்ள தெங்கா அதில் பாதி. பறவை பொறித்த பொலுஷ்கா கால் பங்கு. சேகரிப்பாளர்கள் இவற்றைச் செதில்கள் என்றே அழைக்கிறார்கள். அச்சைவிட வெள்ளித் துண்டு சிறியது என்பதால், ஒரு நாணயத்தில் எழுத்துகள் முழுமையாக விழுவது அரிது. ஒன்றில் அரசன் பெயரின் தலை கிடைக்கும், இன்னொன்றில் வால் கிடைக்கும். பலவற்றை அருகருகே வைத்தே முழு வாசகத்தையும் படிக்க முடிகிறது. செதில்களைச் சேர்ப்பதன் இன்பமே இந்த வேலையில்தான் இருக்கிறது.

நூறு கோபெக் ஒரு ரூபிள், மூன்று கோபெக் ஓர் ஆல்டின். ஆனால் அன்று இவ்விரண்டும் கணக்கேட்டில் மட்டுமே இருந்தன. 1654இல் ஜார் அலெக்ஸி மிகைலோவிச் ஐரோப்பியத் தாலர் வெள்ளிக் காசுகளின் மேலேயே அச்சடித்து அவற்றை ரூபிளாக்கினார். சுமார் 64 கோபெக் அளவே வெள்ளி இருந்த காசுக்கு நூறு கோபெக் மதிப்பு! முயற்சி நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டு தாலர்களின் பழைய அச்சை அழிக்காமல், அவற்றில் 1655 என்ற ஆண்டும் குதிரைவீரன் முத்திரையும் பதித்து, 64 கோபெக்காகப் புழங்கவிட்டார்கள். இவையே யெஃபிமோக் எனப்படுபவை. ஒரே காசில் மேற்கு ஐரோப்பிய அரசரின் அச்சும் மாஸ்கோவின் முத்திரையும் இருப்பதால் இவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு, போலிகளும் உண்டு. வெள்ளி மதிப்பிலேயே புழங்கவிட்ட செம்புக் கோபெக்குகளோ விலைவாசியை ஏற்றி, 1662இல் மாஸ்கோவில் கலகமாக வெடித்தன.

ரூபிள் நிலையான நாணயமானது மகா பீட்டரின் சீர்திருத்தத்தில், 1704இல்தான். செம்பில் கோபெக்கும் அப்போதுதான் நிலைபெற்றது. பத்துக் கோபெக் கிரிவென்னிக், இருபத்தைந்து பொலுபொல்டின்னிக், ஐம்பது பொல்டினா. பழக்கம் எளிதில் மாறவில்லை: கம்பி வெள்ளிக் கோபெக்குகள் 1718 வரை அச்சாயின. பதினைந்து கோபெக் நாணயத்தை "ஐந்து ஆல்டின்" என்று சொல்வது சோவியத் காலத்திலும் தொடர்ந்தது. பீட்டர் காலத்து நாணயங்கள் பலவற்றில் ஆண்டு ஸ்லாவிய எழுத்துகளால் குறிக்கப்பட்டிருக்கும். அவ்வெழுத்துகளின் எண்மதிப்பைக் கற்காமல் இக்காலத்தைத் தொட முடியாது.

பதினெட்டாம் நூற்றாண்டுச் செம்பைப் புரிந்துகொள்ள ஒரே வழி, ஒரு பூட் (16.38 கிலோ) செம்பில் எத்தனை ரூபிள் அடித்தார்கள் என்று கேட்பது. 1725இல் எகாத்தரின்பர்கில் பூட்டுக்குப் பத்து ரூபிள் என்ற கணக்கில் சதுரத் தகடுகளை வெட்டினார்கள். ஒரு ரூபிள் தகடு 1.6 கிலோ. 1757இல் பூட்டுக்குப் பதினாறு என்றானது. 1762இல் மூன்றாம் பீட்டர் அதை முப்பத்திரண்டாக்கி, ஐந்து கோபெக் காசின் மேலேயே பத்துக் கோபெக் என அடிக்கச் செய்தார். சில மாதங்களில் அரியணை ஏறிய இரண்டாம் கேத்தரின் அவற்றை மறுபடி ஐந்தாக அடித்தார். கவனமாகத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் கீழ் அச்சின் தடயங்கள் இன்னும் தெரிகின்றன. அல்தாய்ப் பகுதியின் கொலிவான் செம்பில் வெள்ளியும் பொன்னும் கலந்திருந்ததால், அங்கு அடித்த சைபீரிய நாணயங்களுக்குப் பூட்டுக்கு இருபத்தைந்து ரூபிள் எனத் தனிக் கணக்கு.

புதியவர்களை அதிகம் குழப்புவது 1839க்குப் பிந்தைய செம்பு. அசல் செம்பு நாணயத்தில் "3 கோபெக் வெள்ளியில்" என்று எழுதியிருக்கும். அரசின் காகிதப் பணம் மதிப்பிழந்து, மூன்றரைக் காகித ரூபிள் ஒரு வெள்ளி ரூபிளுக்கு ஈடாக நிலைநிறுத்தப்பட்ட ஆண்டு அது. அதுவரை செம்புக் காசு காகிதக் கணக்கில் நடந்தது. இனி வெள்ளிக் கணக்கில் என்பதையே அந்தச் சொல் அறிவித்தது. எனவே 30 கிராமுள்ள புதிய மூன்று கோபெக், 45 கிராமுள்ள பழைய பத்துக் கோபெக்கைவிடச் சற்றே மதிப்புக் கூடியது. இதைச் செய்த நிதியமைச்சர் கான்கிரின் காலத்தில்தான் உரால் பிளாட்டினத்தில் 3, 6, 12 ரூபிள் நாணயங்களும் (1828–1845) வந்தன.

வெள்ளி ரூபிளின் விளிம்பையும் படிக்க வேண்டும். பழைய ரஷ்ய எடை அளவுகளில் "சுத்த வெள்ளி 4 சொலோத்னிக் 21 தோல்யா" என்ற வாசகம் சுமார் 18 கிராமைக் குறிக்கும். 1798 முதல் முடியாட்சியின் இறுதிவரை, 1924இன் சோவியத் ரூபிளிலும்கூட, அந்த அளவு மாறவில்லை. பொன்னில் நடந்தது வேறு. 12.9 கிராம் எடையில் பத்து ரூபிளாக இருந்த நாணயம், 1897இல் நிதியமைச்சர் வித்தேயின் சீர்திருத்தத்தால் அதே எடையில் பதினைந்து ரூபிள் ஆனது. புதிய பத்து ரூபிள் 8.6 கிராமாயிற்று.

விலையுயர்ந்தவற்றை வாங்குபவர் நோவோதெல் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அரிய பழைய நாணயங்களைச் சேகரிப்பாளர்களுக்காக நாணயச்சாலையே பின்னாளில் மறுபடி அடித்துக் கொடுத்தவை இவை. போலி அல்ல, ஆனால் அந்தக் காலத்தில் கைமாறியவையும் அல்ல.

1961இல் பத்துப் பழைய ரூபிள் ஒரு புதிய ரூபிளானது. 1, 2, 3 கோபெக் நாணயங்களுக்கு மட்டும் விலக்கு. அவை எண் மாறாமல் புழங்கியதால் அவற்றின் மதிப்பு பத்து மடங்கானது. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் விலைகள் ஏறி, கோபெக் புழக்கத்திலிருந்து மறைந்தது. 1998 ஜனவரி 1 அன்று ஆயிரம் ரூபிள் ஒரு ரூபிளாக்கப்பட்டு, 1997 எனப் பொறித்த புதிய கோபெக்குகள் வெளிவந்தன. 1993ஆம் ஆண்டின் 100 ரூபிள் நாணயம் அன்று பத்துக் கோபெக்குக்குச் சமமானது.