கொடி சொன்ன கணக்கு

எங்கள் மொட்டைமாடியில் பதினான்கு மீட்டர் நீளத்தில் ஒரு கொடி கட்டியிருக்கிறோம். ஐந்தரை மீட்டர் புடவையை இரண்டாக மடித்துப் போட்டால் இரண்டே முக்கால் மீட்டர் இடம் பிடிக்கும். ஆக, ஒரே நேரத்தில் ஐந்து புடவை காயலாம். ஆறாவதை எங்கே போட்டாலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சாயம் ஒட்டி, ஈரம் தங்கி முடை நாற்றம் அடிக்கும். என் அலமாரியில் எத்தனை புடவை இருக்கலாம் என்பதை முடிவு செய்தது இந்தக் கணக்குதான்.

மதுரையில் பள்ளிக்கூட ஆசிரியை நான். வாரத்துக்கு ஐந்து நாள் வேலை, ஐந்து நாளும் பருத்திப் புடவை. இந்த ஊர் வெயிலில் ஒரு முறை கட்டியதை மறுநாள் கட்ட முடியாது. சனிக்கிழமை ஐந்தையும் துவைத்துக் கஞ்சி போட்டு மடித்து வைக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை வேறு ஐந்து தொடங்குகிறது. ஒரு வாரத்தது உடம்பில், ஒரு வாரத்தது அலமாரியில். இது பத்து. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கஞ்சிப் புடவை மூன்று நாளானாலும் காயாது. அந்த மாதங்களுக்கென்று கஞ்சியே வேண்டாத மெல்லிய உறையூர்ப் பருத்தி இரண்டு. கல்யாணம் காட்சிக்குப் பட்டு இரண்டு. மொத்தம் பதினான்கு.

முன்பு தொண்ணூற்று மூன்று இருந்தன. வீடு மாறும்போது எண்ணினேன். எண்ணியிருக்கவே கூடாது என்று அன்றைக்குத் தோன்றியது.

தொண்ணூற்று மூன்றில் நானாக ஆசைப்பட்டு வாங்கியவை முப்பதுகூட இருக்காது. மற்றவை வந்தவை. வளைகாப்புக்கு வைத்துக் கொடுத்தது, கிரகப்பிரவேசத்துக்கு மரியாதை செய்தது, நாத்தனார் வீட்டுச் சீர், ஆடித் தள்ளுபடியில் ஒன்றுக்கு ஒன்று இலவசம். அவற்றோடு ரவிக்கைத் துணிகள் வேறு. கொலுவுக்குப் போனால் வெற்றிலை பாக்கோடு ஒரு ப்ளவுஸ் பிட் தருவார்கள். நாம் அதை அடுத்த வீட்டுக்குக் கொடுப்போம். நான் கொடுத்த ஒரு கிளிப்பச்சைத் துணி மூன்றாவது நவராத்திரியில் அதே மடிப்போடு என்னிடமே திரும்பி வந்தது. அதை யாருமே தைத்துப் போடப் போவதில்லை என்பது தெருவுக்கே தெரியும். ஆனாலும் சுற்று நிற்கவில்லை.

அலமாரியின் அடியில் கிடந்தவற்றை அன்று பிரித்துப் பார்த்ததுதான் எனக்குப் பாடம். கஞ்சி போட்டு மடித்து, கட்டாமலே இரண்டு வருடம் வைத்திருந்த ஒரு வெளிர்நீலப் புடவையில் சல்லடை சல்லடையாக ஓட்டை. ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி என்றால் விருந்து. ஒரு பட்டுப் புடவை, வருடக்கணக்கில் அதே மடிப்பில் இருந்ததால் மடிப்புக் கோட்டிலேயே இற்றுப்போயிருந்தது. துணி கட்டக் கட்டத்தான் கிழியும் என்று நினைத்திருந்தேன். கட்டாமல் வைத்தால் அதைவிடச் சீக்கிரம் போகிறது. அதனால் இப்போது கொடிக்குச் சுற்றி வராத எதையும் அலமாரியில் வைப்பதில்லை. மழைப் புடவை இரண்டையும் கஞ்சி போடாமல்தான் எடுத்து வைக்கிறேன். பட்டு இரண்டையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து நிழலில் காற்றாட விட்டு மடிப்பை மாற்றுகிறேன். இருபது பட்டு இருந்தபோது இதைச் செய்ததே இல்லை.

எந்தப் பத்து என்பதற்கு வருகிறேன். அதற்கு நூலின் நம்பர் தெரிய வேண்டும். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளச் சிட்டங்கள் எத்தனை இருக்கின்றன என்பதே நம்பர். நூறாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 84,000 கெஜம். மதுரையில் முனையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினால் திண்டுக்கல் தாண்டியும் நூல் மிச்சம் இருக்கும். நம்பர் ஏற ஏறத் துணி மெலியும், விலையும் ஏறும், கடைக்காரர் குரலும் இறங்கிக் குழையும். ஆனால் தினமும் கரும்பலகையில் எழுதக் கை தூக்குகிறவளுக்கு நூறாம் நம்பர் ஒத்துவரவில்லை. தோளில் ஊக்கு குத்துமிடத்தில் ஆறே மாதத்தில் விட்டுப்போகிறது. எனக்கு எண்பதுதான் சரி. பனிக்காலத்துக்கு அறுபதாம் நம்பர் காஞ்சிப் பருத்தி ஒன்று.

கண்டாங்கி இன்னும் கனம். காரைக்குடிப் பக்கத்துத் தறிகளில் நெய்யும் இந்தச் சேலை அந்தக் காலத்தில் அகலம் குறைவாக, கணுக்கால் தெரியக் கட்டுகிற மாதிரிதான் இருந்தது. இப்போது மற்றப் புடவைகளின் அகலத்திலேயே நெய்கிறார்கள். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு ஊர் ஊராகக் கடைகளில் அந்தப் பெயர் ஏறிவிட்டது. என்னிடம் மூன்று இருந்தன. புதிதில் பலகைபோல விறைத்து நிற்கும், கொசுவம் பிடிக்க வராது. பத்துச் சலவை தாண்டட்டும், அப்புறம் பாருங்கள். அந்த இழைவு வேறெதிலும் இல்லை. அவசரக்காரர்கள் கண்டாங்கி வாங்க வேண்டாம்.

சுங்குடி எங்கள் ஊர்ச் சொத்து. மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் முடிச்சிட்டு, சாயத்தில் முக்கி, முடிச்சை அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி விழும். இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் மெழுகு அச்சோ திரை அச்சோதான். அதிலும் தப்பில்லை, விலை குறைவு. முடிச்சுப் போட்டதா என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. புள்ளிகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் ஒத்துப்போகாமல் இருக்கும், புதுத் துணியில் தொட்டால் சற்றே மேடு தட்டும். ஆனால் சாயத்தில் நானே ஒருமுறை ஏமாந்தேன். புது அரக்குச் சுங்குடியை, கல் உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் தனியாக அலசாமல், வீட்டுக்காரர் வேட்டிகளோடு ஊற வைத்துவிட்டேன். நான்கு வேட்டியும் ரோஸ். அவற்றைக் கட்டிக்கொண்டே இரண்டு மாதம் வீட்டுக்குள் நடமாடி என்னைப் பழி தீர்த்துக்கொண்டார்.

இன்னொரு ஏமாற்றம் கொஞ்சம் கசப்பானது. கைத்தறி என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்ததை நம்பி வாங்கினேன். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்க வெட்டிவிட்ட நூல் பிசிறு. விசைத்தறி. அன்றிலிருந்து கடையிலேயே மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். ஓரத்தில் துணியை விரித்துப் பிடிக்கிற ஊசிகளின் துளைத்தடம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்கிறேன். 2006 முதல் கைத்தறி முத்திரை இருக்கிறது, அதையும் தேடுகிறேன். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

புடவையைக் குறைப்பது எளிது, ரவிக்கையில்தான் எல்லோரும் தோற்பார்கள். பத்துப் புடவைக்குப் பத்து ரவிக்கை, அதற்குப் பொருத்தமாகப் பத்து உள்பாவாடை என்று போனால் குறைத்ததற்கே அர்த்தமில்லை. நான் புடவையின் உடல் நிறத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கரையைப் பார்க்கிறேன். கரை அரக்கு, கறுப்பு, பச்சை, இந்த மூன்றில் ஒன்றாக இல்லாவிட்டால், உடல் என்ன அழகாக இருந்தாலும் வாங்குவதில்லை. எனவே ரவிக்கை மூன்றே நிறம், நிறத்துக்கு இரண்டு. மயில்கழுத்து உடலில் வெள்ளிக் கரை போட்ட ஒன்றை மூன்று முறை கையில் எடுத்து மூன்று முறையும் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

கஞ்சி சனிக்கிழமை வேலை. வடித்த கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் ஓடுகிற அளவுக்கு நீர்க்கவிட வேண்டும். புடவை ஏற்கெனவே நனைந்திருக்க வேண்டும். காய்ந்த துணியை முக்கினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். மைதாக் கஞ்சி பக்கமே போகமாட்டேன். நிழலில் போட்டு, முக்கால் காய்ச்சலில் எடுத்து, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக் கரையோடு கரை சேர்த்து இழுக்க வேண்டும்.

“ஏங்க, ஒரு கை வாங்க.”

“இப்பத்தான பேப்பரைப் பிரிச்சேன்.”

வருவார். ஐந்து புடவைக்கும் மாடியின் இந்த முனையில் நான், அந்த முனையில் அவர். ‘இன்னும் கொஞ்சம் இழு’ என்பதைத் தவிரப் பேச்சிருக்காது. இஸ்திரி போடுவது இப்போது வருடத்துக்கு நாலைந்து தடவைதான்.

எங்கள் ஊர் மேலமாசி வீதியில் ஒரு வீடு இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அந்த வீட்டில் தங்கியிருந்தபோதுதான் முழு உடையை விட்டு இடுப்புத் துணிக்கு மாறினார். இப்போது அங்கே கதர்க் கடை நடக்கிறது. என் அலமாரியைப் பார்த்த தோழி ஒருத்தி அவர் பெயரைச் சொல்லிப் பாராட்டியபோது எனக்குக் கூச்சமாகிவிட்டது. அவர் மாற்றுத் துணியில்லாத ஏழைகளை நினைத்து உடையை விட்டார். என்னிடம் அப்போதும் பதினான்கு இருந்தன, இரண்டில் ஜரிகை வேறு. எங்கள் அம்மாவுக்குக் கட்டினது ஒன்று, காய்கிறது ஒன்று, பெட்டியில் ஒன்று என்று மூன்றே. அவளும் இதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை.

புடவைகள் முறை வைத்துச் சுற்றி வருவதைப் பள்ளிப் பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். “டீச்சர், இது செவ்வாய்க்கிழமைப் புடவையாச்சே, இன்னிக்குத் திங்கள்தானே?” என்றான் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். பதில் சொல்லத் தெரியாமல் அட்டவணையைப் பார்த்தேன். பிறகு நானே வேண்டுமென்று வரிசையை மாற்றிக் கட்டி அவர்களைக் குழப்ப ஆரம்பித்தேன்.

சென்ற தை மாதம் கண்டாங்கி ஒன்று செருப்பு உரசும் கீழ்க்கரையில் முழுதாகக் கிழிந்தது. இரண்டு முறை இழை ஓட்டிப் பார்த்தும் நிற்கவில்லை. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். கிழிந்த கரையை வெட்டி எடுத்துவிட்டு, கூடத்து வளையத்தில் தூளி கட்டினேன். பன்னிரண்டு வருடம் துவைத்த துணி, பிள்ளைக்குக் கொஞ்சம்கூட உறுத்தவில்லை. இப்போது அலமாரியில் பதின்மூன்று. வியாழக்கிழமைக்குப் புடவை இல்லாமல் மழைப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஐப்பசி வருவதற்குள் காரைக்குடி போய்விட்டு வர வேண்டும். அரக்குக் கரையாகக் கிடைக்க வேண்டும்.